குறிப்பேட்டைப் படிப்பவர் யார்?

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்பனவே அந்நான்கு. இவ்வரிசையில் நோயுற்றவரே முதலில் நிற்கின்றார். அவரை மருத்துவம் பெறுபவராக மட்டும் காணாமல், அந்த மருத்துவத்தின் ஒரு கூறாகவே வள்ளுவர் கண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இக்கருத்து சர்க்கரை நோய்க்குப் பொருந்துவதுபோல் வேறெந்த நோய்க்கும் பொருந்துவதில்லை எனலாம். சர்க்கரை நோயாளி ஒருவர் மாதத்திற்கு ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ மருத்துவரைக் காண்கின்றார். அச்சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய நாள்களிலெல்லாம் என்ன உண்பது, எவ்வளவு நடப்பது, மாத்திரையை எப்போது விழுங்குவது என்பவற்றை முடிவு செய்பவர் அவரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இத்தனை பேரும் தத்தம் வீட்டில் தமக்குத் தாமே பாதி மருத்துவராக இருக்கின்றனர்.

நாம் வாழும் பம்மல் பகுதியை எண்ணிப் பார்ப்போம். தோல் பதனிடும் தொழிற்கூடங்களும் சிறு பட்டறைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட ஊர் இது. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நோயுற்றோரைக் காண இல்லங்களுக்குச் செல்கையில், அலமாரியில் குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியைப் பல வீடுகளில் காண்கின்றோம். அதனருகே பழைய நாட்குறிப்பு ஒன்றில் தேதியும் எண்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஏட்டை மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் புன்னகையே விடையாகக் கிடைக்கின்றது. சிலர் மருத்துவரைக் காணச் செல்லும் முன் இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, தேர்வுக்குப் படிக்கும் மாணவரைப்போல் 'நல்ல எண்' வாங்கி வருகின்றனர். வேறு சிலர் ஒவ்வொரு நாளும் எண்ணைப் பார்த்து அஞ்சி, அஞ்சியதோடு நின்றுவிடுகின்றனர். இடையில் கண்பார்வை மங்குவதும், காலில் உணர்வு குன்றி ஆறாத புண் ஏற்படுவதும் ஓசையின்றி நிகழ்ந்துவிடுகின்றன.

கருவி கைக்கு வந்துவிட்டது. அதன் பயனும் உடன் வந்ததா? இவ்வினாவுக்கு அக்கருவியின் வரலாறே தெளிவான விடை தருகின்றது.

சுவையிலிருந்து நிறத்திற்கு

மருத்துவத்தின் தொடக்க காலத்தில் சோதிக்கும் உரிமை மருத்துவருக்கே இருந்தது. இந்நோயுற்றோரின் சிறுநீர் தேன்போல் இனிப்பதையும் எறும்புகள் அதை நாடி வருவதையும் நம் நாட்டின் பழைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். மதுமேகம் என்னும் பெயரே அதற்குச் சான்று. நம் சித்த மருத்துவர்கள் எண்வகைத் தேர்வுகளுள் ஒன்றாகச் சிறுநீரை வைத்தனர்; அதில் ஒரு சொட்டு எண்ணெயை இட்டு, அது பரவும் விதத்தை நோக்கும் நெய்க்குறி என்னும் முறையையும் வகுத்தனர். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 17-ஆம் நூற்றாண்டில் சிறுநீரின் இனிப்பைப் பதிவு செய்தார். 1776-இல் மேத்யூ டாப்சன் அதனைக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். இவை அனைத்திலும் நோயாளி சிறுநீரைக் கொடுப்பவர் மட்டுமே. பார்ப்பதும் பொருள் சொல்வதும் மருத்துவரின் வேலை.

இந்நிலை 20-ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய நீலநிறக் கரைசல் இம்மாற்றத்திற்கு வழி வகுத்தது. நம்மில் மூத்தோர் சிலருக்கு அது இன்றும் நினைவிருக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி லிட்டர் கரைசலை ஊற்றி, 8 சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. சர்க்கரை மிக மிகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என நிறம் மாறி, முடிவில் செங்கல் நிறத்தை அடையும். எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவர் ஆதலால், இச்சோதனை வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

அதை வீட்டுக்குள் கொண்டு சென்றவர்கள் மருத்துவர்களே என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி. பாஸ்டன் நகரின் எலியட் ஜாஸ்லின், இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1918-ஆம் ஆண்டில் நீரிழிவு பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டார். மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்துவதற்கானது என்று அதன் தலைப்பிலேயே குறித்தார். ஒரே நூலை இருவர் கையிலும் கொடுத்த அச்செயல், அக்காலத்தில் துணிவானது. இலண்டனில் ராபர்ட் லாரன்ஸ் என்னும் மருத்துவர், தாமே இந்நோயால் சாவின் விளிம்புக்குச் சென்று, 1923-இல் இன்சுலினால் உயிர் பிழைத்தவர். அவரும் நோயாளிகள் தம் நோயைத் தாமே அறிந்து நடத்த வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். 1934-இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுடன் இணைந்து நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார்.

நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கிய நீரிழிவுப் பிரிவு, நாட்டிலேயே முதலாவது எனப் போற்றப்படுகின்றது. 1954-இல் அவர் இராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை, 1971 முதல் நீரிழிவு ஒன்றுக்கே உரியதாயிற்று. பல உறுப்புகளைத் தாக்கும் இந்நோய்க்குத் தனிக் கவனமும் தொடர்ந்த சந்திப்பும் தேவை என்பதை அவர் செயலில் காட்டினார்.

தாம்பரம் தந்த பாடம்

வீட்டில் வைத்து நோயைப் பேணுவது பற்றிய மற்றொரு வரலாறு நம் அருகிலேயே இருக்கின்றது. அது சர்க்கரை நோயைப் பற்றியதன்று, காசநோயைப் பற்றியது. எனினும் நம் வினாவுக்கு நேரடியாக உதவுவது.

தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சவரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் 1928-இல் நிறுவினார். காசநோயாளிக்கு நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் மருத்துவமனை வாசமும் இன்றியமையாதவை என்று உலகமே நம்பிய காலம் அது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தியல் ஆய்வு மையம் அந்நம்பிக்கையைச் சோதித்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மறு பகுதியினர் தம் குடிசைகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர்.

இம்முடிவை மேலோட்டமாகப் படிப்போர், மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. அந்நோயாளிகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் சென்றனர். மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகின்றதா என்பதைச் சிறுநீர்ச் சோதனையால் அறிந்தனர். வராதவரைத் தேடிச் சென்று அழைத்தனர். வீடு மருத்துவமனைக்கு ஈடானது, மருத்துவமனையின் கவனம் வீடு வரை நீண்டதனால்தான்.

நிறத்திலிருந்து எண்ணுக்கு

மீண்டும் சர்க்கரை நோய்க்கு வருவோம். சிறுநீர்ச் சோதனைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லி கிராம் அளவைக் கடந்த பின்னரே அது சிறுநீரில் வெளிப்படுகின்றது. ஆகவே இரத்தச் சர்க்கரை 150 இருந்தாலும் நீலம். ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து 50 இருந்தாலும் அதே நீலம். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இவ்வேறுபாடு உயிரைப் பற்றியது.

1956-இல் அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியர் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டையை உருவாக்கினர். 1960-களின் நடுவில் ஒரு துளி இரத்தத்தால் நிறம் மாறும் பட்டை வந்தது. 1970-ஐ ஒட்டி அந்நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவியும் வந்தது. அது கனமானது, விலை மிக்கது, மருத்துவர்களுக்கே விற்கப்பட்டது. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியாளர் பன்னிரண்டு வயது முதல் இந்நோயால் துன்புற்றவர். மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அக்கருவியை வாங்கி, நாள்தோறும் பலமுறை தம்மைத் தாமே சோதித்தார். உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றி உடல்நலம் தேறினார். தம் பட்டறிவை மருத்துவ உலகம் செவிமடுக்காதது கண்டு, நாற்பது வயதைக் கடந்த பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார். 1978-இல் இலண்டனிலும் நாட்டிங்காமிலும் இருந்து வெளிவந்த இரு ஆய்வுகள், சாதாரண நோயாளிகளும் வீட்டில் தம் இரத்தத்தைச் சோதித்துப் பயன்பெற இயலும் என்பதை உறுதி செய்தன.

1993-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு வெளியாயிற்று. இவர்கள் இன்சுலின் இன்றி வாழ இயலாத முதல் வகை நோயினர். நாளொன்றுக்கு நான்கு முறையேனும் சோதித்து, இன்சுலினை அதற்கேற்பத் திருத்திக்கொண்டவர்களுள், தொடக்கத்தில் கண் பாதிப்பு இல்லாதிருந்தோருக்கு அப்பாதிப்பு தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. அவர்கள் மாதந்தோறும் மருத்துவக் குழுவைச் சந்தித்தனர். இடையிடையே தொலைபேசியிலும் ஆலோசனை பெற்றனர். சோதனையும் ஆலோசனையும் அங்கே பிரியாமல் நடந்தன. அதே சமயம், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கும் ஆபத்து அவர்களிடம் மும்மடங்கு ஆனதும் உண்மை. வழிகாட்டுவோர் இன்றி அளவைக் குறைப்பது எத்தகைய ஆபத்து என்பதை அது உணர்த்தியது.

எண் மட்டும் போதுமா?

நம் பகுதியில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இவர்களுள் பலர் மாத்திரை மட்டுமே உட்கொள்பவர்கள். இவர்களுக்கும் வீட்டுச் சோதனை அதே நன்மையைத் தருமா? 2007-இல் இங்கிலாந்தில் 48 பொது மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த, இன்சுலின் போடாத 453 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. கருவி கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் ஓராண்டின் இறுதியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டில் வட அயர்லாந்தில் 184 புதிய நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வும் அவ்வாறே கூறியது. அத்துடன், சோதித்துக்கொண்டவர்களிடம் மனச்சோர்வு சற்று மிகுந்திருந்ததையும் கண்டது. எண்ணை அறிந்தும் என்ன செய்வது என்று அறியாதவருக்கு, அந்த எண் நாள்தோறும் வாசிக்கப்படும் குற்றச்சாட்டாகிவிடுகின்றது.

2011-இல் அமெரிக்காவிலிருந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. சோதனைக் கருவி செய்யும் நிறுவனத்தின் நிதியில் நடந்ததாகையால் அதனைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எனினும் அதன் முறை சிந்தனைக்குரியது. 34 குடும்ப மருத்துவ நிலையங்கள், 483 நோயாளிகள். ஒரு பிரிவினர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரைக் காணும் முன், தொடர்ந்து மூன்று நாள் மட்டும், நாளுக்கு ஏழு முறை சோதித்தனர். ஒவ்வொரு உணவுக்கு முன்னும் பின்னும், உறங்கச் செல்லும்போதும் கண்ட எண்களை ஒரு தாளில் கோடாக வரைந்தனர். உண்டதையும் உடன் எழுதினர். அத்தாளைப் படிக்கவும் அதற்கேற்ப மருந்தை மாற்றவும் மருத்துவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டில் இப்பிரிவினர் மற்றவரைவிட மிதமான அளவில் முன்னேறினர்.

இங்கே நோயாளிகள் ஆண்டு முழுதும் விரலைக் குத்திக்கொள்ளவில்லை. சில நாள்களே சோதித்தனர். ஆனால் சோதித்ததை ஒருவர் படித்தார். அந்த ஏட்டினால் மருந்துச் சீட்டு மாறியது. நூறாண்டு வரலாற்றின் சாரம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்: குறிப்பேடு பயன் தருவது, அதைத் திறந்து பார்க்கும் மருத்துவர் இருக்கும்போதுதான்.

நம் மாவட்டத்தில்

இது மேலைநாட்டுக்கே உரியதன்று. நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் சூனாம்பேடு பகுதியில் 2006-இல் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. 42 சிற்றூர்களில் 23,000-க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் சர்க்கரைச் சோதனை செய்யப்பட்டது. செயற்கைக்கோள் இணைப்பும் கண் படமெடுக்கும் கருவியும் கொண்ட ஊர்தி ஊர் ஊராகச் சென்றது. உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்றுப் பணியாற்றினர். அருகிலேயே ஒரு மருத்துவ நிலையமும் அமைந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, ஓராண்டில் 9.3 விழுக்காட்டிலிருந்து 8.5-க்கு இறங்கியது. மிகச் சிலரையே நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தது.

5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இதே எண்ணத்தை மாநிலம் முழுதும் கொண்டு சென்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இல்லம் தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து மாத்திரைகளைத் தருகின்றனர். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதையும் இத்திட்டம் பெற்றது. காசநோய்க்கு அன்று சென்னை கண்ட வழி, இன்று சர்க்கரை நோய்க்கும் திறந்திருக்கின்றது. வள்ளுவர் நான்காவதாகக் கூறிய துணைவர், இங்கே நம் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்மணியாக வாயிலில் வந்து நிற்கின்றார்.

குடும்ப மருத்துவரின் பணி

எஞ்சியிருப்பது, மாலை நேரத்தில் நெரிசலான சிறு அறையில் அமர்ந்திருக்கும் நம் குடும்ப மருத்துவரின் பணி. அவருக்கு நேரம் குறைவு என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவர் செய்யக்கூடியவை பெரிய செலவுடையவை அல்ல.

முதலாவதாக, யார் எத்தனை முறை சோதிக்க வேண்டும் என்பதை அவரே வரையறுத்துச் சொல்லலாம். இன்சுலின் போடுபவருக்கு அடிக்கடி தேவை. மாத்திரை மட்டும் உட்கொள்பவருக்கு, சந்திப்புக்கு முந்தைய சில நாள்களில் செய்யும் ஒழுங்கான சோதனையே போதுமானதாக இருக்கலாம். ஒரு சோதனைப் பட்டையின் விலையையும் எண்ணிப் பார்க்கும் தொழிலாளர் குடும்பத்திற்கு, தேவையற்ற சோதனையைத் தவிர்ப்பதும் ஓர் உதவியே.

இரண்டாவதாக, சோதிக்கும் முறையைச் செவிலியரைக் கொண்டு ஒருமுறை நேரில் செய்து காட்டலாம். கையைக் கழுவித் துடைத்த பின்னரே குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு சோதித்தால், விரலில் ஒட்டிய சாறே பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டிவிடும். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். காலாவதியான பட்டையை நம்பக் கூடாது. மூன்று மாதச் சராசரி அளவும்கூட இரத்தசோகை உள்ளவரிடம் பிறழ்ந்து காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்கள் மிகுந்த நம் நாட்டில், வீட்டுக் குறிப்பேடு அப்பிழையை வெளிப்படுத்த உதவும்.

மூன்றாவதாக, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்னும் ஒரு வரி உயிரைக் காக்கும். எந்த அளவைக் கடந்தால் உடனே வர வேண்டும் என்பதும் அத்தாளில் இருக்கட்டும்.

நான்காவது பணியே அனைத்திலும் பெரியது. உயர்ந்த எண்ணைக் கண்டதும் கடிந்துகொள்ளாதிருத்தல் வேண்டும். கடிந்துகொள்ளப்பட்டவர் அடுத்த முறை ஏட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார். அல்லது பொய்யான எண்களை எழுதி வருவார். இரவுப் பணி முடிந்து விடியலில் உண்ணும் தொழிலாளியின் 'வெறும் வயிறு' எது என்பதைக் கேட்டறியாமல் அவருடைய எண்ணுக்குப் பொருள் காண இயலாது. "அன்று என்ன நடந்தது?" என்று கேட்கும் மருத்துவரிடம் மனிதர் உண்மையைச் சொல்வார். உண்மை சொல்லப்பட்ட இடத்திலேயே மருந்து சரியாக அமையும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நல்ல எண் வாங்குவதற்காக உண்ணாதிருப்பது, மருத்துவரை அன்று, நம் கண்ணையும் காலையுமே ஏமாற்றுவதாகும். பண்டிகைக்கு மறுநாள் ஏறிய எண்ணையும் அப்படியே எழுதுவோம். என்ன உண்டோம் என்பதையும் அருகில் குறிப்போம். அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது பழைய மருந்துச் சீட்டோடு அக்குறிப்பேட்டையும் எடுத்துச் சென்று, அவர் முன் திறந்து வைப்போம். அவர் கேட்க மறந்தாலும், "இதைச் சற்றுப் பாருங்கள்" என்று சொல்லும் உரிமை, மருத்துவத்தின் முதற்கூறாக எண்ணப்பட்ட நமக்கு உண்டு.